பங்காளிகளின் சாட்சி

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரை திரும்பியதும் விலை போகிற மீன்கள் முதலில் பிரியும். சீலா தனி, விளைமீன் தனி, கணவாய் தனி. காரல் மட்டும் கடைசியில் ஒரே குவியலாகக் கிடக்கும். இதில் எத்தனை வகை இருக்கிறது என்று கேட்டால், "எல்லாம் காரல்தான் அண்ணாச்சி, கொழம்புக்கா கருவாட்டுக்கா?" என்று எதிர்க்கேள்வி வரும். வியாபாரத்துக்கு அவ்வளவு போதும். ஒன்றிரண்டைக் கையில் எடுத்து, வழுவழுப்பைத் துடைத்துவிட்டு, வாயை மெல்ல இழுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். ஒன்றின் வாய் குழாயாக நீண்டு மேல்நோக்கித் திறக்கிறது. அது செக்யூட்டர் பேரினம். இன்னொன்றின் வாய் கடல்தரையைத் துழாவும் வாக்கில் கீழே நீள்கிறது, லியோநேத்தஸ் வகையறா. மூன்றாவது நேராக முன்னால் நீட்டுகிறது, அதற்குக் கோரைப்பல்லும் உண்டு, காஸா.

வாய்கள் இப்படிப் பிரிந்துபோனாலும் உடம்புக்குள் ஒன்று மாறவில்லை. உணவுக்குழாயைச் சுற்றி ஒரு சிறிய உறுப்பு இருக்கிறது. அதில் ஒளிவிடும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. உலகில் காரல் குடும்பத்தில் ஐம்பதை ஒட்டிய இனங்கள் உண்டு. எந்தப் பேரினத்தில் பிறந்தாலும் இந்த விளக்கு உண்டு. கரையோரத்துக் கலங்கல் நீரில் கூட்டமாகத் திரிவதும் பெரும்பாலும் இவற்றுக்குப் பொதுவான குணம்.

இப்போது ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஒரு கேள்வியோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கலங்கல் நீரில் வாழ்கிற மீன்களுக்கு ஒளி உறுப்பு தோன்றும் வாய்ப்பு அதிகமா? இருபது காரல் இனங்கள், விளக்கில்லாத வேறு இருபது இனங்கள், ஆகமொத்தம் நாற்பது வரி அட்டவணை. கணினியில் கொடுத்தால் அசைக்கமுடியாத தொடர்பு என்று பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டுத் திருப்பித் தரும். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முடிந்தது.

ஆனால் அந்த விளக்கு இருபது தடவை தோன்றவில்லை. காரல்களுக்கெல்லாம் மூதாதையான ஏதோ ஒரு மீனில் ஒரு தடவை தோன்றியது. மற்றவை வாங்கி வைத்துக்கொண்டவை. ஊர்ப் பஞ்சாயத்தில் வரப்புத் தகராறுக்கு ஒரே வீட்டுப் பங்காளிகள் இருபது பேர் வரிசையாக வந்து ஒரே சொல்லைச் சொன்னால் நாட்டாண்மை அதை இருபது சாட்சியாக எண்ணமாட்டார். கணினி எண்ணும். அதனிடம் யார் யாருக்குச் சொந்தம் என்று நாம் சொல்லவில்லையே.

இந்தக் கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர் மீன்காரரல்ல. 1888இல் லண்டன் மானுடவியல் கழகத்தில் எட்வர்ட் டைலர் ஒரு கட்டுரை வாசித்தார். ஏறத்தாழ 350 சமூகங்களின் திருமண வழக்கங்களையும் வம்சமுறையையும் அட்டவணைப்படுத்தி, மாப்பிள்ளை பெண்வீட்டில் தங்கும் சமூகங்களில் இன்ன வழக்கமும் சேர்ந்து வருகிறது என்று எண்ணிக்கையால் காட்டிய கட்டுரை. தலைமை வகித்த பிரான்சிஸ் கால்டன் எழுந்து, இந்தச் சமூகங்களில் எத்தனை தனித்தனியாக அந்த வழக்கத்துக்கு வந்தவை, எத்தனை ஒரே மூலத்திலிருந்து எடுத்துக்கொண்டவை என்று கேட்டார். மானுடவியலில் இன்றும் அதற்குக் கால்டன் சிக்கல் என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால், இரண்டு அளவுகளின் தொடர்பைக் காட்டும் ரெக்ரஷன் கோட்டை உலகுக்குத் தந்தவரும் இதே கால்டன்தான், அதுவும் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் வைத்து. உறவுமுறைக் கணக்கில் பிறந்த கோடு அது. பிற்காலத்தில் புள்ளிகளுக்குள் உறவே இல்லை என்ற அனுமானத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இனமேம்பாட்டியல் என்ற விஷத்தை விதைத்தவரும் இந்த மனிதரே என்பதை மறக்கவேண்டியதில்லை. ஆனாலும் அன்று அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

உயிரியலில் அதே கேள்விக்கு வேலை செய்யக்கூடிய விடை வர ஏறக்குறைய நூறு ஆண்டு ஆயிற்று. 1985இல் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் ஓர் உச்சகட்ட உதாரணம் வைத்தார். நாற்பது இனங்கள், வம்சமரம் அடியிலேயே இரண்டாகப் பிரிந்து, கிளைக்கு இருபதாக இருக்கிறது. இரண்டு குணங்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தற்செயலாக மாறினால்கூட, வரைபடத்தில் இரண்டு புள்ளிக்கூட்டங்கள் விலகி நிற்கும். நடுவே கம்பீரமாக ஒரு சாய்கோடு ஓடும். நாற்பது புள்ளி இருக்கிறது; நடந்த சம்பவமோ ஒன்று. அவர் சொன்ன மாற்று எளிமையானது. இனங்களை ஒப்பிடாதே, பிரிவுகளை ஒப்பிடு. மரத்தில் ஒவ்வொரு கவையிலும் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடு. பிரிந்து எவ்வளவு காலமானதோ அதற்கேற்ப அந்த வித்தியாசத்தைச் சுருக்கு. நாற்பது இனத்துக்கு முப்பத்தொன்பது வித்தியாசம் கிடைக்கும். அவை ஒன்றையொன்று சாராதவை, ஆகவே கோடு போடலாம். அந்த உதாரணத்தில் முப்பத்தெட்டு வித்தியாசங்கள் ஒன்றும் சொல்லாது. மிச்சமுள்ள ஒன்று மட்டும் தூரத்தில் தனியாக நிற்கும். பொய் வெளுத்துவிடும்.

1989இல் ஆலன் கிராஃபன் இதையே ரெக்ரஷனின் மொழிக்குக் கொண்டுவந்தார். கணிதம் புதிதல்ல, 1935இல் அலெக்சாண்டர் எய்ட்கன் எழுதிவைத்த பொதுமை இழிவு வர்க்க முறைதான். சாதாரண முறையில் ஒவ்வொரு புள்ளியின் பிழையும் தன்பாட்டுக்கு வருகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். இதில் இனத்துக்கு இனம் எவ்வளவு தூரம் மரத்தில் சேர்ந்து நடந்து வந்தன என்பதை ஒரு கட்டத்தில் எழுதி, பிழைகளும் அந்த அளவுக்குச் சேர்ந்தே வரும் என்று ஒத்துக்கொள்கிறோம். மாடு வளர்ப்பு மரபியலில் இதைப் பல பத்தாண்டு முன்பே செய்துவந்தார்கள். எந்தக் காளை எந்தப் பசுவுக்கு என்ன முறை என்ற கட்டம் அது. 1991இல் மைக்கேல் லிஞ்ச் அந்த மாட்டுக் கணக்கை இனங்களுக்கு இடையிலான ஒப்பீட்டுக்கு எடுத்துவந்தார். பண்ணைக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்ததை பரிணாமவியலாளர்கள் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள் என்றும் சொல்லலாம்.

பரிணாமவியல் வகுப்பறையோடு இந்த விவகாரம் நின்றிருந்தால் தூத்துக்குடியைப் பற்றிப் பேச அவசியமில்லை. ஆனால் மீன்வளக் கணக்கின் அடிமடியிலேயே இது இருக்கிறது. ஒரு மீன் அளவுக்கு மீறிப் பிடிபடுகிறதா என்று அறிய, வலையில் சாவது எவ்வளவு, வலை இல்லாமலே சாவது எவ்வளவு என்று பிரித்தாகவேண்டும். பெரிய மீன் விழுங்கியும் நோய் கண்டும் முதிர்ந்தும் போகிற பங்குக்கு இயற்கை இறப்பு விகிதம் என்று பெயர். கடலுக்குள் இறந்தவற்றை யாரும் எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியாது. கரையில் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஏலக்கூடத்தில் அளவுப்பலகை வைத்து மீனின் நீளத்தை மாதக்கணக்கில் அளப்பது. நீளங்களின் பரவலிலிருந்து அந்த மீன் எட்டக்கூடிய உச்ச நீளமும் வளரும் வேகமும் கிடைக்கும். மொத்த இறப்பும் கிடைக்கும். இயற்கை இறப்பு மட்டும் கிடைக்காது.

அந்த ஓட்டையை அடைத்தவர் டேனியல் பாலி. மணிலாவில் இருந்த சர்வதேச ஆய்வு மையம் ஒன்றில் வேலை பார்த்தபோது, 1980இல், உலகெங்குமிருந்து 175 மீன்தொகுதிகளுக்கான விவரங்களைத் திரட்டி ஒரே ரெக்ரஷனில் போட்டார். உச்ச நீளம், வளர்வேகம், நீரின் சராசரி வெப்பம் மூன்றும் தெரிந்தால் இயற்கை இறப்பைக் கணித்துவிடலாம். வெப்பமண்டல நாடுகளுக்கு இது பெரிய கொடை. நூற்றுக்கணக்கான இனங்கள் ஒரே மடியில் வரும் கடலில், ஒவ்வொன்றுக்கும் குறியிட்டு விட்டுப் பிடிக்கும் வசதி யாருக்கு இருக்கிறது? இந்தியக் கரைகளின் மீன்வள ஆய்வுக்கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால் பாலி சமன்பாடு இல்லாத கட்டுரையைத் தேடவேண்டியிருக்கும்.

அந்த 175ஐக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தொகுதி என்றால் ஓர் இனத்தின் ஒரு கடற்பகுதிக் கூட்டம். ஒரே இனம் இரண்டு மூன்று கடல்களிலிருந்து தனித்தனிப் புள்ளியாக வரும். இனங்களை எண்ணினால் பாதியை ஒட்டித்தான் தேறும். அவற்றுக்குள்ளும் அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். சமன்பாடு இவர்கள் எல்லோரையும் முன்பின் அறியாதவர்களாக நடத்துகிறது. பாலியைக் குறை சொல்ல இடமில்லை. ஃபெல்சன்ஸ்டைனின் கட்டுரையே ஐந்து வருடம் கழித்துத்தான் வருகிறது. தவிர, பாலிக்குத் தன் புள்ளிகளின் மேல் நல்ல கண் இருந்தது. சாளை போன்ற கூட்டமீன்களுக்குச் சமன்பாடு இறப்பைக் கூட்டிச் சொல்கிறது, ஆகவே கிடைக்கும் எண்ணை 0.8ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று 1983இல் எழுதினார். பிற்பாடு வந்த கையேடுகளிலும் மென்பொருளிலும் அது நிலைத்துவிட்டது.

இந்த 0.8ஐ நான் விசேஷமாக மதிக்கிறேன். கோட்டுக்கு மேலேயும் கீழேயும் சிதறவேண்டிய மிச்சங்கள், ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன என்பதைக் கண்ணால் கண்டுபிடித்துப் போட்ட ஒட்டு அது. வாசல் வழியாக வரவிடாத வம்சமரம் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொண்டது என்று நான் அதைப் படிக்கிறேன்.

இது வெறும் தசமப் புள்ளி விளையாட்டல்ல. கணக்குக்காக ஒரு சாளைக் கூட்டத்தின் மொத்த இறப்பு 3.0 என்று வைத்துக்கொள்ளலாம். சமன்பாடு இயற்கை இறப்பு 1.5 என்கிறது. அப்படியானால் வலையால் சாவது 1.5. மொத்தத்தில் சரிபாதி. ஜான் கல்லண்டின் பழைய விதிப்படி சரிபாதி என்பது தாங்கக்கூடிய எல்லை. இருக்கும் மீன்பிடிப்பு அப்படியே தொடரலாம் என்று அறிக்கை எழுதலாம். 0.8ஆல் பெருக்கினால் இயற்கை இறப்பு 1.2 ஆகிறது, வலையின் பங்கு 1.8, அதாவது அறுபது விழுக்காடு. அதே மீன், அதே அளவுப்பலகை, அதே கடல். அறிக்கையின் கடைசிப் பத்தி மட்டும் தலைகீழ். இயற்கை கொல்லாததை இயற்கையின் கணக்கில் எழுதினால் வலையின் கணக்கு அந்த அளவுக்குக் குறைந்து தெரியும்.

ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. பாலி 0.8க்குக் கூட்டமாக வாழ்வதைக் காரணமாக வைத்தார். சாளையும் சூடையும் கூட்டமீன்கள், சரி. ஆனால் அவை ஒரே குடும்பமும்கூட. கோட்டுக்குக் கீழே அவற்றை இறக்கியது கூட்டமா, குலமா? சொந்தம் கலந்த அட்டவணையைச் சாதாரண ரெக்ரஷனில் போட்டால் இந்த இரண்டும் பிரியவே பிரியாது. கூட்டமாக வாழும் பழக்கம் பல குடும்பங்களில் தனித்தனியாக வந்திருக்கிறது என்பதைப் பயன்படுத்திக்கொள்ளும் முறையால் மட்டுமே பிரிக்கமுடியும்.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்ற இடத்தில்தான் ஆய்வு மாணவர்கள் திணறுகிறார்கள். வழக்கத்தில் இருக்கும் சடங்கு இப்படி: ஒவ்வொரு குணத்தையும் தனித்தனியாக எடுத்து அதில் வம்சத்தின் முத்திரை இருக்கிறதா என்று ஒரு சோதனை. இருந்தால் மரத்தோடு கூடிய ரெக்ரஷன், இல்லாவிட்டால் சாதாரண ரெக்ரஷன். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் தவறு. மீனின் நீளத்தில் வம்ச முத்திரை இருக்கத்தான் செய்யும். நெத்திலி வம்சத்தில் கட்டாக் கொம்பன் பிறப்பதில்லை. இறப்பு விகிதத்திலும் இருக்கும். ஆனால் நீளம் ஒன்றே இறப்பை முழுக்கத் தீர்மானித்தால், நீளத்தைக் கணக்கில் எடுத்த பிறகு மிச்சத்தில் முத்திரை ஏதும் தங்காது; அப்போது சாதாரணக் கோடே போதும். மறுபக்கமும் நடக்கலாம். லியாம் ரெவல் 2010இல் இதைத் தெளிவாக எழுதினார்: பார்க்கவேண்டியது குணங்களை அல்ல, கோடு போட்டபின் எஞ்சுவதை. வம்சத்தின் பிடி மிச்சத்தில் எவ்வளவு என்பதைக் கோட்டின் சாய்வோடு சேர்த்து ஒரே மூச்சில் மதிப்பிடலாம். மார்க் பேஜல் 1990களில் தந்த லாம்டா என்ற எண் அதற்கு உதவும். அது சுழியமானால் உறவைக் கண்டுகொள்ளாத பழைய கோடு; ஒன்றானால் ஃபெல்சன்ஸ்டைனின் கோடு; நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஆர் என்ற கணினி மொழியில் சில வரிகள் போதும். முறையை முன்கூட்டியே சத்தியம் செய்து தேர்ந்தெடுக்கவேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை, தரவு தானே சொல்லும்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபது இனத்தை வைத்துக்கொண்டு லாம்டாவைக் கேட்டால் அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். மன்னார் வளைகுடாவில் வளர்ச்சிக் கணக்கு ஒழுங்காகச் செய்யப்பட்ட இனங்களை மட்டும் எடுத்தால் நாம் பலநேரம் அந்த எல்லையில்தான் நிற்கிறோம். தாமஸ் ஹான்சன் 1997இல் கொண்டுவந்த இன்னொரு மாதிரி இருக்கிறது; குணம் கண்டபடி அலையாமல் ஏதோ ஓர் உகந்த அளவை நோக்கி இழுக்கப்படுகிறது என்று எடுத்துக்கொள்வது. சின்ன மரங்களில் இந்த மாதிரி தகுதியில்லாமலே ஜெயித்துவிடுகிறது என்று 2016இல் நட்டாலி கூப்பரும் மற்றவர்களும் எச்சரித்தார்கள். அளவுப்பிழை என்று ஒன்றும் உண்டு. நூறு மீன் அளந்த இனமும் ஆயிரம் அளந்த இனமும் ஒரே எடையில் உட்காரக்கூடாது. அளவுப்பிழையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அந்த இரைச்சலை வம்ச முத்திரை இல்லாததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு லாம்டா கீழே இறங்கும். ஒரே இனத்தின் பல தொகுதிகள் இருந்தால் மேலே சொன்ன மாட்டுக் கணக்கு வழியே உத்தமம். இனத்துக்கு ஓர் அடுக்கு, வம்சத்துக்கு ஓர் அடுக்கு.

1995இல் மார்க் வெஸ்ட்பியும் இரண்டு கூட்டாளிகளும் இந்த மொத்த முயற்சியையே எதிர்த்துத் தாவரச் சூழலியல் இதழில் எழுதினார்கள். வம்சத்துக்கு முதல் பங்கைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சூழலுக்குக் கொடுப்பது என்ன நியாயம்? ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரே வகை இடத்தில் வாழ்ந்து ஒரே குணத்தைக் காப்பாற்றி வந்திருந்தால் அது சூழலின் வேலையும்தானே? கோபத்தில் நியாயம் இருந்தது. வம்சத் திருத்தம் என்ற பெயரே ஏதோ அழுக்கைக் கழுவுவதுபோன்ற எண்ணத்தைத் தந்துவிட்டது. கிராஃபன் வழியில் செய்யப்படும் ரெக்ரஷன் அப்படிப் பங்கு பிரிப்பதில்லை. யாருடைய பங்கையும் அது பிடுங்குவதில்லை. சாட்சிகளில் யார் யாருக்கு உறவு என்று கேட்டுவிட்டுச் சாட்சியத்துக்கு எடை போடுகிறது, அவ்வளவுதான்.

துறைமுகத்திலிருந்து வான் தீவுப் பக்கம் போனால் இதே சங்கதி வேறு உருவத்தில் நீருக்கடியில் கிடக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் 117 கடின பவள இனங்களைப் பதிவுசெய்திருக்கிறார்கள். 2016 கோடையில் கடல்நீர் சூடேறி பவளங்கள் வெளிறின. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தின் பாட்டர்சன் எட்வர்ட் குழு தீவு தீவாக முங்கிப் பார்த்து அளந்தது. உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23க்கு இறங்கியிருந்தது. அதிகம் செத்தவை ஆக்ரோபோரா, மாண்டிபோரா, போசில்லோபோரா என்ற மூன்று பேரினங்கள். உருண்டையாக வளரும் போரைட்டஸ் வகை பெருமளவு தாக்குப்பிடித்தது. 1998 வெளிறலுக்குப் பிறகு ஜப்பானின் ஒகினாவாவில் யோசி லோயாவும் மற்றவர்களும் கண்டதும் ஏறக்குறைய இதே: கிளைவிட்டு வளர்பவை தோற்றன, உருண்டையும் படர்ந்தவையும் வென்றன.

கிளைவடிவம்தான் எமன் என்று முடிவுகட்டக் கை பரபரக்கும். இனங்களைப் பட்டியல் போட்டால் கோடு அழகாக விழும். ஆனால் கிளையுள்ளவை என்ற பக்கத்தில் பத்துக்கும் மேல் ஆக்ரோபோரா இனங்கள் வந்து அடைத்துக்கொள்ளும். அத்தனையும் ஒரே வீடு. மரத்தைக் கையில் எடுத்தால் விஷயம் மெலிவதற்குப் பதில் சுவாரசியமாகிறது. கடின பவளங்கள் அடிமரத்திலேயே இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிகின்றன என்று 1996இல் சாண்ட்ரா ரொமானோவும் ஸ்டீபன் பலும்பியும் மரபணுவை வைத்துக் காட்டினார்கள். ஆக்ரோபோராவும் போரைட்டஸும் ஒரு பெருங்கிளை. போசில்லோபோராவும், மூளைபோல் சுருண்ட பிளாட்டிகைராவும் மற்றொன்று. ஆக, ஒரு பெருங்கிளையில் கிளைவடிவம் செத்தது, உருண்டை பிழைத்தது. சம்பந்தமே இல்லாத இன்னொரு பெருங்கிளையிலும் பொதுவாக அதே. இவை உண்மையிலேயே இரண்டு சாட்சிகள். நட்சத்திரம் குறையும், ஆனால் நம்பலாம்.

அதற்குள் மாண்டிபோரா குறுக்கே வருகிறது. ஆக்ரோபோராவின் கூடப்பிறந்த பேரினம். ஆனால் அதில் பல இனங்கள் கிளைவிடுவதில்லை, தட்டுத்தட்டாக விரிகின்றன. தட்டும் செத்தது. வடிவம் மாறியிருக்கிறது, கதி மாறவில்லை. வடிவத்தைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்தக் குடும்பத்தின் மிச்சங்கள் ஒரே பக்கம் சாய்கின்றன என்று பொருள். மிச்சத்தில் தங்கிய அந்தச் சாய்வு, வடிவத்தைத் தாண்டி இன்னொன்றைத் தேடு என்கிறது. திசுவின் தடிமன் ஒரு நல்ல சந்தேகநபர். போரைட்டஸின் சதை எலும்புக்கூட்டுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும், ஆக்ரோபோராவின் சதை மெல்லியது. லோயா குழுவும் திசுத்தடிமனைச் சுட்டியது. வம்ச முத்திரை என்பது நாம் அளக்க மறந்த குணத்தின் நிழல் என்று எடுத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு இந்த முறை நிறையக் கொடுக்கிறது. திருத்தம் செய்தாயிற்று என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோகிறவர்களுக்குக் கொடுப்பது குறைவு.

மரமே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் பவளம்தான் நல்ல பாடம். நம் கடலிலும் அட்லாண்டிக்கிலும் உள்ள சில பவளங்களை எலும்புக்கூட்டின் தோற்றத்தை வைத்து ஃபேவியா என்ற ஒரே பெயரில் நூறாண்டுக்கு மேல் அழைத்துவந்தார்கள். 2004இல் ஹிரோனோபு ஃபுகாமி குழு மரபணுவைப் பார்த்தபோது இரண்டு கடல்களின் உருவ ஒற்றுமை வெறும் உருவ ஒற்றுமைதான் என்று தெரிந்தது. நம் பக்கத்து ஃபேவியாக்கள் 2012இல் டிப்சாஸ்ட்ரியா ஆகிவிட்டன. பழைய வகைப்பாட்டை மரமாக வைத்து ரெக்ரஷன் போட்டிருந்தால் அந்நியர்களைச் சகோதரர்களாக எழுதியிருப்போம். ஆகவே ஒரு மரத்தை நம்பாமல் சில நூறு மரங்களில் ஓட்டிப்பார்ப்பது இன்றைக்கு நல்ல பழக்கமாகிவிட்டது.

முத்துக்குளித்த கரையில் முத்தைத் தொடாமல் போக மனம் வரவில்லை. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி குழு இங்கேயே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. முத்தின் மினுமினுப்பு தரும் முத்தடுக்கு, முத்துச்சிப்பிக்கு உண்டு. உருவத்தில் ஒத்த, நாம் தின்கிற ஆளிக்கு இல்லை. சங்குக்கும் இல்லை, அது பீங்கான் போன்ற வேறு கட்டுமானம். எங்கோ தூரத்து உறவான, நத்தை இனத்தைச் சேர்ந்த கடற்காதுச் சிப்பிக்கு உண்டு. அப்படியானால் ஆதி மூதாதையிடமிருந்து வந்ததை ஆளியும் சங்கும் தொலைத்தனவா, அல்லது முத்துச்சிப்பியும் கடற்காதும் தனித்தனியாகச் சம்பாதித்தனவா? 2010இல் முத்துச்சிப்பி ஒன்றையும் கடற்காது ஒன்றையும் ஒப்பிட்ட டேனியல் ஜாக்சன் குழு, முத்தடுக்கைக் கட்டும் மரபணுத் தொகுப்புகள் இரண்டிலும் பெரிதும் வேறுபடுவதைக் கண்டது. சொத்து ஒன்றுபோல் தெரிகிறது, பத்திரம் வேறு வேறு. முத்தடுக்குள்ள இனங்கள் எத்தனை என்று எண்ணுவதற்கு முன் முத்தடுக்கு எத்தனை முறை வந்தது, எத்தனை முறை போனது என்று கேட்காத புள்ளிவிவரத்தை நான் படிப்பதில்லை.

காரலின் விளக்கைப் போல ஒரே தடவை நடந்த சம்பவத்துக்கு எந்த ரெக்ரஷனும் மருந்தாகாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். வம்சமுறை ரெக்ரஷன் சர்வரோக நிவாரணி என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். ஜோசஃப் உயேடாவும் மற்ற இருவரும் 2018இல் காட்டியபடி, ஒரே கிளையில் ஒரு பெரிய தாவல் நடந்திருந்தால் மரத்தைச் சேர்த்த முறைகளும் அதில் மயங்கி உறுதியான தொடர்பு என்று சொல்லக்கூடும். அங்கே இயங்குமுறையைத் தேடிப் போகவேண்டும். அந்த உறுப்பு எப்படி எரிகிறது, யார் பார்க்கிறார்கள், எப்போது அணைகிறது. அளவுப்பலகையால் ஆகாது.

மீன்களுக்கு மரம் இல்லை என்ற சாக்கு இப்போது செல்லாது. 2018இல் டேனியல் ராபோஸ்கி குழு 31,500 இனங்களுக்கு மேல் அடக்கிய மீன் வம்சமரத்தை வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் மரபணு ஆதாரத்தோடு உட்கார்ந்தவை 11,638. மற்றவை வகைப்பாட்டை வைத்துச் சீட்டுக் குலுக்கி உட்காரவைக்கப்பட்டவை. குணங்களை ஒப்பிட அவற்றைப் பயன்படுத்தக்கூடாது. நம் கரையின் பட்டியலை அதில் போட்டுப் பார்ப்பவர் முதலில் எத்தனை இனம் மரபணுவோடு தேறுகிறது என்று எண்ணவேண்டும்.

அதற்கு முன்னால் மரமே வேண்டாத ஒரு வேலை இருக்கிறது. ஆய்வுக்கட்டுரைகளின் அட்டவணையில் குடும்பப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு பத்தி இருக்கிறது. பெரும்பாலும் அது அலங்காரத்துக்கு நிற்கிறது. பாலியின் கோட்டைப் போட்டு, மிச்சங்களை அந்தப் பத்தியின்படி அடுக்கி அச்சிட்டால் போதும். சாளையும் சூடையும் கோட்டுக்குக் கீழே நிற்கும் என்பது தெரிந்ததே. பார்க்கவேண்டியது அயிலையும் சூரையும். அவையும் கூட்டமீன்கள், ஆனால் சாளைக்குச் சொந்தமில்லை. அவையும் கீழே நின்றால் 0.8 கூட்டத்துக்கு உரியது, எல்லாக் கூட்டமீனுக்கும் போடலாம். மேலே நின்றால் அது சாளை வீட்டுச் சொத்து. அயிலைக்கும் அதைப் போட்டு எழுதிய அறிக்கைகளை மறுபடி கணக்குப் பார்க்கவேண்டிவரும்.